மணி எண்ணிய ஆட்கள்

ரயில் பாதை முடிகிற ஊர் தேரிமுக்கு. அதற்கு அப்பால் செம்மண் தேரிமேடுகளும் பனைகளும் கடலும்தான். ஆகவே எங்கே இறங்குவது என்று தெரியாமல் தூங்கிப்போனவர்கள், பிள்ளைகளால் ஏற்றிவிடப்பட்டவர்கள், பெயரை வழியிலேயே எங்கோ தவறவிட்டவர்கள் எல்லாரையும் வடக்கேயிருந்து வருகிற ரயில் இந்த ஊரில் உதிர்த்துவிட்டுத்தான் திரும்பிப் போகும். அப்படி உதிர்ந்தவர்களுக்கென்று கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால், பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், பதினான்கு வருஷமாகப் பெத்தானியா இல்லம் நடந்துவந்தது. ஓட்டுக்கூரையின்கீழ் நாற்பத்துநான்கு கட்டில்கள். இடுப்பில் பதினொரு சாவிகளோடு அந்த இல்லத்தை நடத்தியவள் ரோதை.

ரோதைக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவில் கிடப்பவரை இல்லத்துக்கு அழைத்துவர அவளிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. பெயர் கேட்கமாட்டாள், ஊர் கேட்கமாட்டாள், ஜெபம் பண்ணலாமா என்றும் கேட்கமாட்டாள். பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, பையிலிருந்து நகவெட்டியை எடுப்பாள்.

"கையைக் கொடுங்க. நகம் வெட்டுதேன், அவ்வளவுதான். வரணும்னு ஒண்ணும் இல்ல."

சிலர் திட்டுவார்கள். சிலர் கல்லெடுப்பார்கள். ஆனால் எத்தனையோ வருஷமாக ஒருவரும் தொடாத கை ஒன்று எப்போதாவது நீளும். பத்து விரலும் முடிவதற்குள் அந்த மனிதர் பாதித் தூரம் நடந்து வந்துவிட்டார் என்று ரோதைக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு குளியல், எண்ணெய், சோறு. அந்தச் சோறு, ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் கர்த்தருக்கென்று ஒரு கைப்பிடி எடுத்து வைக்கிற அரிசியில் வெந்தது. மறுநாள் பாத்திரக்கடை சாகுல் அண்ணாச்சி ஒரு எவர்சில்வர் தட்டில் அவர் பெயரை வெட்டிக் கொடுப்பார். பெயர் இல்லாதவர்கள் அன்றைக்குப் பிடித்த ஒரு பெயரைச் சொல்வார்கள். கடைசியாகப் பேரேட்டில் எழுதுவது: எங்கிருந்து வந்தார், கட்டில் எண் என்ன.

இப்படி இருக்கையில் ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சரியாக ஆறு மணிக்குக் கோயில் மணி தானாக எண்பத்தேழு தடவை அடித்தது.

மணியடிப்பது கோயில்பிள்ளை நவமணியின் வேலை. அந்த நேரம் நவமணி டீக்கடையில் ரசவடை தின்றுகொண்டிருந்தான். எல்லாரும் அவனையே திரும்பிப் பார்க்க, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

"ரெண்டு கையும் இங்கனதான் இருக்கு, பாத்துக்கிடுங்க. ஒரு கையில வடை வேற இருக்கு."

புதன்கிழமையும் எண்பத்தேழு. வியாழக்கிழமை எண்பத்துநான்கு. வெள்ளிக்கிழமை எண்பத்தொன்பது. காற்று என்றார்கள், வௌவால் என்றார்கள், நவமணியின் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கும் தந்திரம் என்றும் சிலர் சொன்னார்கள். விஷயத்தைக் கண்டுபிடித்தவள் முத்துப்பேச்சி. ஆறு வருஷத்துக்கு முன் அதே ரயிலில் உதிர்ந்து, இப்போது இல்லத்தின் அடுப்படியை ஆண்டுகொண்டிருப்பவள். நாக்கு அரிவாள்மணை மாதிரி.

"யக்கா, வியாழக்கெழம மூணு பேரைக் கூட்டியாந்து காலியாக் கெடந்த கட்டில்ல படுக்க வச்சோம்லா? மணி மூணு கொறஞ்சுது. வெள்ளிக்கெழம ரயிலுல அஞ்சு பேரு எறங்குனாவ. மணி அஞ்சு கூடிச்சு. இது படுக்க எடமில்லாத ஆளை எண்ணுது."

ரோதை அரிசி புடைப்பதை நிறுத்தி யோசித்தாள். பிறகு, "எண்ணட்டும். நமக்கும் ஒரு துணை ஆச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் புடைத்தாள்.

ஊரும் இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை பெய்த அளவைப்போல, மீன் வந்த அளவைப்போல எடுத்துக்கொண்டது. "இன்னைக்கு எவ்வளவு?" என்றால் எல்லாருக்கும் புரிந்தது. டீக்கடையில் ஒரு வடைக்குப் பந்தயம் கட்டினார்கள். பிள்ளைகள் அதை வைத்துக் கழித்தல் கணக்குப் போட்டார்கள். பள்ளிவாசல் மோதினார் தினமும் நவமணியைக் கூப்பிட்டு, பாங்கு சொல்வதற்குள் உங்கள் மணி முடிந்துவிடுமா என்று விசாரித்துக்கொண்டார். ஆனால் மழையளவைப்போல இதை மறக்க முடியவில்லை. ஆறு மணிக்குக் காப்பி குடிக்க உட்கார்ந்தால் எண்பது அடியும் டம்ளருக்குள் விழுந்தது. பெண் பார்க்க வந்த வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி தின்றுகொண்டே எண்பத்திரண்டு வரை எண்ணினார்கள். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மாப்பிள்ளையின் அத்தை, "இத்தனை பேரைத் தெருவுல போட்டுட்டுக் கதவைச் சாத்துற ஊருலயா பொண்ணு எடுக்க?" என்று தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனாள். அன்றைக்குத்தான் ஊருக்குச் சுருக்கென்றது.

எல்லாரையும்விட மணியால் மனம் நொந்தவர் கோயிலை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் செயலாளர் தனசிங் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாற்பது வருஷம் வருகைப் பதிவு எடுத்தவர். தன்னைக் கேட்காமல் இன்னொருவர் ஆளெண்ணுவது அவருக்குப் பொறுக்கவில்லை. அதோடு இல்லம் இருக்கும் கட்டடத்தை இடித்து அங்கே கல்யாண மண்டபம் கட்டுவது அவருடைய நெடுநாள் ஆசை. மேடை போடத் தேக்குப்பலகைகூட வாங்கிக் கோயில் பின்புறம் அடுக்கி வைத்திருந்தார்.

முதலில் அவர் மணியின் நாக்கைச் சாக்காலும் கயிற்றாலும் கட்டச் சொன்னார். அன்று ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கவில்லை. பதிலாக ஊரிலிருந்த எல்லாச் சைக்கிள் மணியும், ஐஸ் வண்டி மணியும், மாட்டுக் கழுத்து மணியும், சுடலைமாடன் கோயில் பூசாரியின் கைமணியும் ஒன்றாகச் சேர்ந்து எண்பத்தோரு தடவை அடித்தன. மறுநாள் விடியுமுன் தனசிங் சாரே ஏணி வைத்து ஏறிக் கட்டை அவிழ்த்தார்.

அடுத்ததாக, பஸ் நிலையத்தில் கிடந்த ஒன்பது பேரைக் காலை ரயிலில் பொட்டலச் சோற்றோடு ஏற்றி அனுப்பிவைத்தார். ஒன்பது குறையும் என்று சாயங்காலம் கைக்கடிகாரத்தோடு நின்றார். ஆனால் பாதை முடிகிற ஊர் அது. காலையில் போன ரயில்தான் சாயங்காலமும் திரும்பி வரவேண்டும். ஐந்தே முக்காலுக்கு வந்த ரயிலில், போன ஒன்பது பேரும் சாப்பாடு நன்றாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். புதிதாக இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார்கள்.

"சார்வாள், நாளைக்கும் அனுப்புவீயளா? தொட்டுக்கிட ஊறுகா மட்டும் கூட வையுங்க" என்றாள் முத்துப்பேச்சி, பிளாட்பாரத்தில் நின்று.

தனசிங் சார் கைக்கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் எழுந்து நின்று ஒரே மூச்சில் சொன்னார்: "பதினாலு வருஷமா இந்த இல்லம் நடக்கு. ஆனா மணி எம்பது அடிக்கு. அப்ப என்ன வேலை நடந்திருக்கு? அசனப் பண்டிகைக்கு இன்னும் நாலு வாரம் கெடக்கு. அன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மணி அடிக்கக் கூடாது. ஒரு அடி அடிச்சாலும் கட்டடம் மண்டபத்துக்கு. அடிக்கலேன்னா இல்லம் இருக்கிற எடத்துல இருக்கட்டும், நான் சாகும்வரைக்கும் வாயத் தொறக்கல. நியாயம்னா நியாயம்."

கோயில் போதகரான சேகரகுரு ரோதையைப் பார்த்தார். ரோதை சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு, "சரி சார்வாள்" என்றாள். நாற்பத்துநான்கு பேர் மறுபடியும் தெருவுக்குப் போவதைப் பற்றி யோசிக்காதிருக்க அவள் சாவிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

அவளிடம் ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அவள் குடியிருந்த வாடகை வீட்டுக்குச் சொந்தக்காரரின் மகன் ஜூலை மாதம் வெளிநாட்டிலிருந்து திரும்பிவிட்டதால் வீட்டைக் காலி செய்தாள். ஏழு வீடு ஏறி இறங்கினாள். "தனியாவா இருக்கீய?" என்றார்கள். "தெருவுல உள்ளதுகளையெல்லாம் தொட்டுட்டு நேரா வீட்டுக்குத்தான வருவீய?" என்றும் ஒரு வீட்டில் கேட்டார்கள். எட்டாவது வீட்டுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. புதுத்தெருவில் ஒரு மாடியறை கிடைத்துவிட்டதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் "வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று முன்வாசலால் போவாள். சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பின்வாசலால் நுழைந்து, அரிசி அறையில் மூட்டைகளின்மேல் படுப்பாள். இல்லத்தில் ஒரு கட்டிலை எடுத்தால் ஒருவருடையதைப் பறித்ததாகும். இது ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வாள். பதினொரு சாவி வைத்திருப்பவளை யார் வீடில்லாதவள் என்பார்கள்?

நாலு வாரமும் ஊர் ஒரு காரியத்தில் மும்முரமாக இருந்தது. நகவெட்டி விற்கிற கடைகளில் நகவெட்டி தீர்ந்துபோயிற்று. அரிசி ஆலைக்காரர் மூன்று பேருக்குக் காவல் வேலையும் அறையும் கொடுத்தார். சுடலைமாடன் கோயில் கமிட்டி கொடைத் திருவிழாச் சாமான் வைக்கும் கொட்டகையைக் காலி செய்து பன்னிரண்டு பேரைத் தங்கவைத்தது. அதைப் பார்த்துப் பள்ளிவாசல் ஜமாத் மாடியைத் திறந்து பதினான்கு பேரைத் தங்கவைத்தது. அதைப் பார்த்துக் கோயில் வாலிபர் சங்கம் கேரம்போர்டை வெளியே தூக்கிப் போட்டது. தையல்கடை ராஜாத்தி, பஸ் நிலையத்தில் கிடந்த ஒரு அம்மாளைக் கூட்டிப்போனாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "வீட்டுல பேச ஆள் இல்ல. அது பேசாது, ஆனா கேக்கும்லா" என்றாள். பாலத்தடியில் ஒன்பது வருஷம் யாரிடமும் பேசாமலிருந்த மனிதர் இடதுகையை மட்டும் கொடுத்தார். வலதுகைக்கு நாளைக்கு வா என்றார்.

மணி அறுபதுக்கு இறங்கியது, முப்பதுக்கு இறங்கியது. பதினெட்டில் மூன்று நாள் நின்றது, திடீரென்று ஏழானது. அசனத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஒரே ஒரு அடி அடித்துவிட்டு ஓய்ந்தது.

ஊரே கைதட்டியது. ரோதை மட்டும் சாவிக்கொத்து குலுங்காதபடி கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடித்தாள் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அந்த ஒரு ஆளைத் தேடினார்கள். கழுத்தில் விசிலோடு தனசிங் சாரும் தேடினார். சிமெண்டுக் குழாய்க்குள் எல்லாம் குனிந்து பார்த்தார். "நீங்க ஏன் தேடுதீய சார்வாள், மணி அடிச்சா உங்களுக்குத்தான லாபம்?" என்று நவமணி கேட்டதற்கு, "பரீச்சைன்னா எல்லாப் பயலுக்கும் கேள்வித்தாள் போய்ச் சேரணும்லடே" என்றார். ஒருவரும் அகப்படவில்லை.

மதியம் அசனம். வருஷத்துக்கு ஒருநாள், கைப்பிடி அரிசி அத்தனையும் ஒன்றாக வெந்து, பாயில் மலைபோலக் கொட்டி, ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அந்த வருஷம் பந்தி கோயிலைச் சுற்றி வந்து, தெருவுக்குள் இறங்கி, பள்ளிவாசல் முக்கு வரை நீண்டது. இல்லத்துக்காரர்கள் பெயர் வெட்டிய தங்கள் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். முத்துப்பேச்சி ஒவ்வொரு தட்டிலும் பெயரைப் பார்த்துக் குழம்பு ஊற்றிக்கொண்டே வந்து, சோற்றுமலைக்குப் பக்கத்தில் நின்று குண்டான் மூடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரோதையிடம் நின்றாள்.

"உங்க தட்டு எங்கக்கா?"

"எனக்கு எதுக்குட்டி தட்டு? மூடி போதும்."

முத்துப்பேச்சி அடுத்த தட்டுக்குப் போனாள். ஆனால் அந்த மூடி அவள் மனதில் கிடந்து உறுத்தியது. சோறு பற்றாமல் இன்னொரு உலை வைக்க அரிசி வேண்டியிருந்தது. ரோதையின் இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டு அரிசி அறைக்குப் போனாள். அங்கே மூட்டைகளின்மேல் ஒரு பள்ளம் இருந்தது. ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பள்ளம். அதன் தலைமாட்டில் சீப்பும், மடித்த சேலை இரண்டும், கண்ணாடிக் கூடும் இருந்தன. ஆறு வருஷத்துக்கு முன் பிளாட்பாரத்து பெஞ்சில் தன்னுடைய தலைமாடும் இப்படித்தான் ஒழுங்காக இருந்தது என்பது முத்துப்பேச்சிக்கு ஞாபகம் வந்தது.

உலை வைத்து, கடைசிப் பந்தியும் எழுந்து கை கழுவியபோது ஐந்தரை. ஊர் முழுக்கக் கோயில் முற்றத்தில் மணியைப் பார்த்தபடி நின்றது. அந்த ஏழு வீட்டுக்காரர்களும் நின்றார்கள். முத்துப்பேச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ரோதைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து நகவெட்டியை எடுத்தாள்.

"கையைக் கொடுங்க."

"ஏட்டி, இது என்ன வெளையாட்டு? மணி ஆகப்போவுது."

"நகம் வெட்டுதேன், அவ்வளவுதான். வரணும்னு ஒண்ணும் இல்ல."

பதினான்கு வருஷமாக அந்த வார்த்தைகளைச் சொன்னவள் ரோதை. இன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். கையை நீட்டுவது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கல்லெடுத்தவர்களையும் திட்டியவர்களையும் அவளுக்கு அந்தக் கணத்தில் நன்றாகப் புரிந்தது. பார்க்கக் கூட்டம் இருந்தது, ஏழு வீட்டுக்காரர்கள் இருந்தார்கள், சொன்ன பொய் இருந்தது. தான் எழுந்து போய்விட்டால், நாற்பத்துநான்கு பேரும் தன்னோடு எழுந்து போகவேண்டியிருக்கும் என்பதும் இருந்தது. இடதுகையை நீட்டினாள். நகக்கண்ணில் தவிடு இருந்தது.

சுண்டுவிரல் முடிந்ததும் கூட்டத்தில் ஒருவர் "ஏ, அந்த ஒண்ணு இவங்களா?" என்றார். மோதிரவிரல் முடிந்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. சாகுல் அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். தட்டோடும் மெஷினோடும் திரும்பி வந்து, மைக்செட்காரனின் ஒயரில் சொருகி, ட்ர்ர்ர் என்று பெயர் வெட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தம் ஒலிபெருக்கியிலும் கேட்டது. தனசிங் சார் பேரேட்டை வாங்கி மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"ரோதை."

"எங்கருந்து வாரீய?"

ரோதை ஏழு வீட்டுக்காரர்களையும் ஒருமுறை பார்த்தாள். "அரிசி மூட்ட மேல இருந்து சார்வாள். எனக்கு வீடு இல்ல."

தலைமையாசிரியர் எழுதினார், மூக்கை உறிஞ்சினார், அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்தார். அங்கே நின்றுபோனது. "கட்டில் எண்?"

கட்டில் நாற்பத்துநான்குதான். எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. "என் கட்டில்ல படுக்கட்டும்" என்றாள் முத்துப்பேச்சி. "அப்ப மணி உன்னைய எண்ணும்லாட்டி" என்றாள் ரோதை. ஐந்து ஐம்பத்தேழு; ஐந்தே முக்கால் ரயில் அன்று யாரையும் உதிர்க்கவில்லை. ஏழு வீட்டுக்காரர்களில் ஒரு அம்மாள், "எங்க மாடிக்கு வாங்கம்மா, அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கப்புடாது" என்று சொன்னாள். ரோதை அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இங்கயே இருந்துக்கிடுதேன்" என்றாள். அந்தச் சிரிப்பில் கோபம் தீர்ந்துபோயிருந்தது.

தனசிங் சார் பேரேட்டில் 45 என்று பெரிதாக எழுதினார்.

"நாப்பத்தஞ்சாவது கட்டில் இல்லையே சார்வாள்" என்றான் நவமணி.

"கண்ணு இல்லையாடே உனக்கு? மேடைக்கு வாங்குன தேக்குப்பலகை பின்னால சும்மாதான கெடக்கு?" என்று கத்திவிட்டு, அவர் விசிலை எடுத்து ஊதினார்.

வாலிபர் சங்கமும், சுடலைமாடன் கோயில் கமிட்டியும், ஜமாத்தும் பலகைக்கு ஓடினார்கள். கல்யாண மண்டபத்தின் மேடை மூன்று பலகைகளாகக் கூட்டத்தின் தலைகளுக்குமேல் மிதந்து வந்தது. செங்கல் வைத்தார்கள், பலகை போட்டார்கள், ராஜாத்தி பாய் விரித்தாள். சாகுல் அண்ணாச்சி ஊதி ஊதி வெள்ளித்தூளைத் துடைத்து, பெயர் வெட்டிய தட்டை ரோதையின் மடியில் வைத்தார். வைத்ததும் கடிகாரம் ஆறானது.

கோபுரத்தில் கயிறு ஒருமுறை சிலிர்த்தது. மணி மூச்சிழுத்ததுபோல லேசாக ஒருபக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்று, கீழே பார்த்து, மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. அடிக்கவில்லை.

அந்த அமைதி கோயில் முற்றத்திலிருந்து கிளம்பி, தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்து, பாலத்தடியையும் பஸ் நிலையத்தையும் காலியாகக் கண்டு, பிளாட்பாரத்தின் கடைசி வரை போனது. இரண்டு மைல் தள்ளியிருக்கும் கடலின் சத்தத்தை ஊர் அன்றுதான் முதன்முதலாகக் கோயிலில் நின்று கேட்டது. பிறகு யாரோ ஒரு கிழவர் தன் தட்டைக் கரண்டியால் தட்டினார். நாற்பத்தைந்து தட்டும் சேர்ந்துகொண்டன. நவமணி கயிற்றில் தாவித் தொங்கி, ஒன்றரை மாதக் கைத்தினவு தீர, தாளமும் கணக்குமில்லாமல் மணியை அடித்துத் தள்ளினான். ஒருவரும் எண்ணவில்லை.

மண்டபம் பிற்பாடும் கட்டப்படவில்லை. மணி மட்டும் தன் வழக்கத்தை விடவில்லை. ரயில் யாரையாவது உதிர்த்துவிட்டுப் போனால் ஆறு மணிக்கு அடிக்கும். அடுத்த வியாழக்கிழமை ஒரு அடி அடித்தது. அதன் ரீங்காரம் அடங்குவதற்குள் ஊரில் நாற்பது கதவுகள் திறந்தன. சாவிக்கொத்து குலுங்க ரோதை ரயிலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவளுக்கு வேலை இருக்கவில்லை. பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத வேட்டியோடு, முழங்காலில் சொடக்கு விழ மெல்லக் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டிருந்தார் தனசிங் சார். எதிரே மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி ஒருவன் பயந்து பார்த்தான்.

"கையைக் கொடுப்பா" என்றார் தலைமையாசிரியர். "நகம் வெட்டுதேன், அவ்வளவுதான். வரணும்னு ஒண்ணும் இல்ல."